எனக்கு முன்னாடி யாரு

முதலில் தப்பாகத்தான் எழுதினேன்.
முப்பத்தோரு பேரும்
நிமிடத்துக்கு ஒருமுறை அணையைக் கேட்டார்கள்:
எவ்வளவு? இப்போது எவ்வளவு? இப்போது?
கே.ஆர்.பி. அணையில் பொருத்திய சென்சார்
பதில் சொல்லிச் சொல்லியே பேட்டரி செத்தது.
தண்ணீர் அதுபாட்டுக்கு நாற்பத்தொன்பது அடியில்
அசையாமல் கிடந்தது.

அப்புறம் திருப்பிப் போட்டேன்.
யாரும் கேட்க வேண்டாம்.
பெயரைக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள்,
ஐம்பதைத் தாண்டினால் அணையே கூப்பிடும்.
சேர், நீக்கு, சொல்:
மூன்றே மூன்று ஃபங்ஷன்.
யார், எந்த ஊர், சொன்னதை வைத்து என்ன செய்வார்,
எதுவும் அணைக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.
ஒருவர் சைரன் ஊதலாம்,
ஒருவர் மாட்டை அவிழ்க்கலாம்,
ஒருவர் திரும்பிப் படுக்கலாம்.
காவேரிப்பட்டணத்து வாடகை மாடியறையில்
அதை ஓட்டிப் பார்த்த இரவு
என் புத்திசாலித்தனத்துக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மூன்று ஷட்டர் திறந்தார்கள்.
ராத்திரி இரண்டு நாற்பது.
அணை அலுவலகம், போயிற்று.
தாலுகா ஆபீஸ், போயிற்று.
பேரூராட்சி, போயிற்று.
நான்காவது ஓர் ஆபீஸின் ஒலிபெருக்கிப் பெட்டி.
கரண்ட் இல்லை.
ஒரு எர்ரரை எறிந்துவிட்டு அது விழுந்தது.
அது விழுந்த இடத்தில் லூப்பும் விழுந்தது.
ஐந்து முதல் முப்பத்தொன்று வரை
ஆற்றங்கரை முழுக்க
நிம்மதியான தூக்கம்.

உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.
இந்த வரியை ரிப்போர்ட்டில் அடித்துவிட்டு
கொஞ்ச நேரம் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

நெடுங்கல்லிலிருந்து திம்மராயன் வந்தார்.
ஆற்றோரம் வைத்திருந்த அஞ்சு எச்.பி. மோட்டார்,
கூடவே நாற்பதடி ஓஸ், அடித்துக்கொண்டு போய்விட்டது.
சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை.
நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.
லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி
லூப் என்றால் என்ன, எர்ரர் என்றால் என்ன என்று
விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன்.
முழுக்கக் கேட்டார்.
கேட்டுவிட்டு,
"எனக்கு முன்னாடி யாருங்க?" என்றார்.

வரிசை முக்கியமில்லை என்றுதான் படித்திருந்தேன்.
எப்படிச் சொன்னாலும் எல்லோருக்கும் போகும்.
ஸ்க்ரீனில் வரிசை இருந்தது.
ஆபீஸ்கள் முதலில். அப்புறம் டிராக்டர் வைத்திருப்பவர்கள்.
அப்புறம் ஊர்.
அப்புறம் ஊருக்கு அந்தப் பக்கம்.
அப்படி எழுது என்று யாரும் சொல்லவில்லை.
யார் பெயர் முதலில் நினைவுக்கு வந்ததோ
அவரை முதலில் சேர்த்தேன், அவ்வளவுதான்.
அவர் இருபத்தேழு.

அன்று சாயங்காலமே திருத்தினேன்.
ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனி ட்ரைக்குள் வைத்தேன்:
ஒருவர் விழுந்தால் குறித்துக்கொள், அடுத்தவரிடம் போ.
நான்கே வரி.
முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய நான்கு வரி.
பட்டியலையும் மாற்றினேன்,
தண்ணீருக்குக் கிட்டே இருப்பவர் முதலில்.
கோடுக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.
மோட்டாருக்கு நஷ்டஈடு மனு எழுதிக் கொடுத்தேன்.
போன இடம் அதே நான்காவது ஆபீஸ்.
இன்னும் பதில் இல்லை.

கடைசியில், முப்பத்திரண்டாவதாக,
என் நம்பரைச் சேர்த்தேன்.
கார்த்திகையில் மறுபடி திறந்தபோது
கண்ணை மூடாமல் இருட்டில் கிடந்தேன்.
மூன்று பன்னிரண்டுக்குத் தலையணை அடியில் அதிர்ந்தது.
எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.
எல்லோரையும் கூப்பிட்டாயிற்று என்றுதான்.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் திம்மராயனுக்குக் கையால் டயல் செய்தேன்.

லைன் பிஸி.
மறுபடி போட்டேன்,
பிஸி.
அந்த நேரத்தில்
யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.